ஒரு தண்டவாளம், இரண்டு வழக்கு

காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் தஞ்சைத் தரணியில் ரயில் நிற்கும். இது நாட்டுக்குப் புதிதல்ல. 2016 அக்டோபரில் 17, 18 ஆகிய இரண்டு நாட்கள் நின்றது. 2018 பிப்ரவரி 16ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 177.25 டி.எம்.சி. என்று அளந்து கொடுத்த பிறகும், அதை வாங்கித் தரவேண்டிய ஆணையத்தை அமைக்காமல் டில்லி நாட்களைக் கடத்தியபோது மறுபடியும் நின்றது. வயலில் நாற்று காய்ந்தவன் வேறெங்கே போய் உட்காருவான்? கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தால் பத்திரிகையில் நாலு வரி. தண்டவாளத்தில் உட்கார்ந்தால் டில்லிக்குக் கேட்கும். இதுதான் அவன் கணக்கு.

அந்தக் கணக்கு சரியா தப்பா என்று இன்று நாம் வாதாட வரவில்லை. உட்கார்ந்தவனுக்குப் பிறகு என்ன நேருகிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

மறியல் அன்று மாலையே முடிந்துவிடுகிறது. கலியாண மண்டபத்தில் அடைத்து வைத்தவர்களை விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே விடுகிறார்கள். தோழர்கள் கோஷம் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அத்தோடு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீரவில்லை! சில மாதம் கழித்து ஒரு சம்மன் வருகிறது. அந்த வாய்தாவுக்குப் போய் வந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு சம்மன் வருகிறது. தேதியைப் பார்த்தால் அதே தேதி. இடத்தைப் பார்த்தால் அதே தண்டவாளம். "இது அந்த வழக்குத்தானே, தப்பாக இன்னொரு தடவை அனுப்பிவிட்டார்களோ" என்று கிளைச் செயலாளரிடம் கேட்கிறார் தோழர். தப்பில்லை தோழரே, இது வேறு வழக்கு. முதல் சம்மன் மாநில சர்க்காரின் போலீசார் போட்டது. இரண்டாவது டில்லி சர்க்காருடையது.

ரயில் நிலையத்தில் காக்கி உடையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒன்று என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. ஒரு கூட்டம் இருப்புப்பாதை போலீஸ். அது மாநில சர்க்காரின் கை. மற்றொன்று ரயில்வே பாதுகாப்புப் படை. 1957ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்டது, மத்திய சர்க்காரின் கை. மாநிலப் போலீசார் சட்டவிரோதமாகக் கூடியது, தடையுத்தரவை மீறியது, வழியை மறித்தது என்று வழக்குப் பதிகிறார்கள். முன்பு இ.பி.கோ. 143, 188, 341 என்போம். 2024 ஜூலை 1 முதல் அவையெல்லாம் வாயில் நுழையாத வடநாட்டுப் பெயர் தாங்கிய புதுச் சட்டத்தில் வேறு எண்களாகிவிட்டன. ரயில்வே படை முதல் தகவல் அறிக்கை போடுவதில்லை; தானே விசாரித்து, மாஜிஸ்திரேட்டிடம் நேரே புகார் கொடுக்கிறது. 1989ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 174வது பிரிவு, தண்டவாளத்தில் உட்கார்ந்தோ மறியல் செய்தோ ரயிலைத் தடுப்பவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கூலிக்காரன் ஒரு தடவைதான் உட்கார்ந்தான். வழக்கு மட்டும் இரண்டு!

இது நியாயமா என்று கேட்டால், அரசியல் சட்டமே நியாயமில்லை என்றுதான் சொல்கிறது. 20வது ஷரத்தின் இரண்டாம் பகுதி, ஒரே குற்றத்துக்காக எவரையும் ஒரு முறைக்கு மேல் வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்னே, வெள்ளைக்காரன் 1897ல் செய்த பொதுச் சொற்கூறுகள் சட்டத்தின் 26வது பிரிவிலும் இதே நீதி இருக்கிறது: ஒரு செய்கை இரண்டு சட்டங்களின்படி குற்றமானால் எந்தச் சட்டத்தின்படியும் வழக்குத் தொடரலாம், ஆனால் ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது.

படித்தால் நெஞ்சு குளிர்கிறது. கோர்ட்டுக்குப் போனால்தான் அந்தச் சொல்லின் சூட்சுமம் தெரிகிறது. "ஒரே குற்றம்" என்றிருக்கிறதே தவிர "ஒரே செய்கை" என்றில்லை! இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரிகள் சம்பந்தப்பட்ட பம்பாய் வழக்கொன்றில் 1960 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. செய்கை ஒன்றாக இருந்தாலும், இரண்டு சட்டங்களும் நிரூபிக்கச் சொல்லும் அம்சங்கள் வேறு வேறானால் குற்றமும் வேறு என்றது. வழியை மறிப்பது ஒரு குற்றம், ரயிலை நிறுத்துவது வேறொரு குற்றம். உட்கார்ந்த இடம் ஒன்று, உட்கார்ந்த உடம்பும் ஒன்று என்பதைக் கோர்ட்டு கணக்கில் கொள்வதில்லை.

இன்னொரு சூட்சுமத்தையும் தோழர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அரசியல் சட்டம் சொல்வது "வழக்குத் தொடுத்துத் தண்டிக்க" என்பது. அதாவது, முன்பு தண்டிக்கப்பட்டவனுக்குத்தான் அந்த ஷரத்து கை கொடுக்கும். முன்பு விடுதலையானவனுக்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை. அவனைக் காப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம் மட்டுமே. அந்தச் சட்டத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறோம். நமக்கு உதவக்கூடியது ஏதாவது இருக்குமானால் அதில்தான் இருக்கிறது.

அதற்கு முன் அமெரிக்காவை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். மாநில வழக்கும் மத்திய வழக்கும் மோதும் விஷயத்தில் அந்த நாட்டில் நடப்பது நமக்குப் பாடம். அங்கே ராஜ்யம் ஒரு அரசு, வாஷிங்டன் வேறொரு அரசு. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிக் கோர்ட்டு. ஆகவே ஒரே செய்கைக்கு இரண்டு அரசுகளும் தனித்தனியே தண்டிக்கலாம் என்பது அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் நெடுங்காலக் கொள்கை. 2015ல் அலபாமா ராஜ்யத்தில் மொபைல் நகரில் போலீசார் ஒருவரின் காரை நிறுத்திச் சோதித்தார்கள். உள்ளே ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. பழைய தண்டனைக் கைதி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ராஜ்யம் ஒரு தண்டனை கொடுத்தது. அதே கார், அதே துப்பாக்கி, அதே இரவு. மத்திய சர்க்காரும் வழக்குப் போட்டு மேலும் ஏறத்தாழ மூன்று வருஷம் கொடுத்தது. 2019 ஜூனில் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அது செல்லும் என்றார்கள். கேம்பிள் வழக்கு என்று அதற்குப் பெயர்.

நம் நாட்டில் அப்படி இரண்டு அரசு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் குற்றவாளிக் கூண்டு ஒன்றுதான்; மாஜிஸ்திரேட், செஷன்ஸ், ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று ஒரே ஏணிதான். அமெரிக்கன் கூறும் சாக்கு நமது சர்க்கார்களுக்கு இல்லை. இல்லாதபோதும் அதே பலனை "அம்சங்கள் வேறு" என்ற பின்வாசல் வழியாக அடைந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு தோழர் எழுந்து நம்மை மடக்குவார் என்பது நமக்குத் தெரியும். "வெண்மணியை மறந்துவிட்டீர்களா? அங்கே இரண்டாவது வழக்கு ஒன்று போட வழியிருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!" என்பார். கேட்க வேண்டிய கேள்விதான். மழுப்பிவிட்டுப் போக நாம் தயாரில்லை.

1968 டிசம்பர் 25ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 உயிர்கள் கொளுத்தப்பட்டன. நாகப்பட்டினம் கோர்ட்டு 1970ல் மிராசுதார்களைத் தண்டித்தது. ஹைகோர்ட்டு 1973ல் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் கனவான்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பு பேசியதை இந்தத் தஞ்சை மண் இன்னும் மறக்கவில்லை. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் மாண்ட வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை அடைந்தார்கள் என்பதையும் மறக்கவில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி ராஜ்யத்தில் 1964 ஜூனில் கறுப்பர் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்களைக் கொன்றபோது, ராஜ்யம் கொலை வழக்கே போடவில்லை. மத்திய சர்க்கார்தான் உரிமைப் பறிப்புச் சதி என்று வழக்குப் போட்டு 1967ல் ஏழு பேரைத் தண்டித்தது. அப்போது தப்பிய ஒருவனை ராஜ்யமே 2005ல் விசாரித்துத் தண்டித்தது. இரண்டு வாசல் இருந்ததால் அங்கே நீதி கொஞ்சமேனும் உள்ளே வந்தது. வெண்மணிக்கு இரண்டாவது வாசல் இல்லை.

உண்மை. ஆயினும் அந்த வாசலைத் திறந்து வைக்கச் சொல்லலாமா என்றால், கூடாது என்பதே நமது கருத்து. மிசிசிப்பிக் கொலைகாரர்களுக்காகப் பயன்பட்ட அதே கொள்கைதான் அலபாமாவில் காரில் போனவரை இரண்டு முறை தண்டித்தது. மிராசுதாரை இரண்டாம் முறை கூண்டில் ஏற்ற ஒரு சட்டம் வந்தால், அது மிராசுதார்மீது ஆயிரத்தில் ஒரு தடவை பாயும்; மீதி முழுவதும் பண்ணையாள்மீதே பாயும். வெண்மணியில் தவறியது வழக்குகளின் எண்ணிக்கை அல்ல. யாருடைய சாட்சியத்தை நம்புவது என்பதில் தவறியது. அதற்கு மருந்து இன்னொரு வழக்கில் இல்லை.

கேரளத்தில் கூத்துப்பறம்பில் 1994 நவம்பர் 25ந் தேதி போலீசார் சுட்டு ஐந்து வாலிபர்கள் மாண்டார்கள். முதலில் கூட்டத்தின்மீது வழக்குப் பதிந்தார்கள். கமிஷன் விசாரித்த பிறகு 1997ல் அதிகாரிகள்மீதும் முன்னாள் மந்திரிமீதும் புதிய வழக்குப் பதிவாயிற்று. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது முதல் தகவல் அறிக்கை கூடாது என்று சொல்லி 2001ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. நமக்குக் கசப்பான தீர்ப்பு. ஆனால் அன்று முதல் போலீசார் ஒரு ஆர்ப்பாட்டத்துக்கு மூன்று ஸ்டேஷனில் மூன்று அறிக்கை போடும்போதெல்லாம் நமது வக்கீல்கள் எடுத்துக் காட்டுவதும் அந்தத் தீர்ப்பைத்தான். ரயில்வே படை முதல் தகவல் அறிக்கை போடாமல் புகார் கொடுப்பதால் இந்தத் தீர்ப்பு அதன்மீது ஒட்டுவதில்லை என்பதுதான் நமது சங்கடம்.

இப்போது, முன்னே சொன்ன நடைமுறைச் சட்டத்துக்கு வருவோம். பழைய சட்டத்தில் 300வது பிரிவு, புதியதில் 337. அதன் முதல் உட்பிரிவு, தண்டனையோ விடுதலையோ அடைந்தவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்கிறது. இதை எல்லா வக்கீலும் அறிவர். இரண்டாவது உட்பிரிவைத்தான் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒரே நிகழ்ச்சியின் தொடர்ச்சியாகச் சேர்ந்த வேறொரு குற்றத்தை முன் விசாரணையிலேயே தனிக் குற்றச்சாட்டாகச் சேர்த்திருக்கலாம் என்றால், அதற்காக ஒருவரைப் பிறகு விசாரிக்க மாநில சர்க்காரின் சம்மதம் வேண்டும் என்கிறது அது.

தோழர்கள் இந்த வாசகத்தை மறுபடி ஒரு தரம் படிக்க வேண்டுகிறோம். சம்மதம் தரவேண்டியது யார்? மத்திய சர்க்கார் என்று அதில் இல்லை. மாநில சர்க்கார் என்றே இருக்கிறது! வாசகப்படி பார்த்தால், மாநில வழக்கு முந்தி முடிந்தாலும் சரி, ரயில்வே வழக்கு முந்தி முடிந்தாலும் சரி, மிச்சமிருக்கும் வழக்கை நடத்தச் சென்னைக் கோட்டையின் சம்மதம் வேண்டும். "நாங்கள் என்ன செய்ய, அது மத்தியச் சட்டம்" என்று கையை விரிக்கும் மந்திரிகள் யாராயிருந்தாலும், எந்தக் கட்சியாயிருந்தாலும், அவர்கள் இடுப்பிலேயே இந்தச் சாவி தொங்குகிறது. காவிரி மறியல் வழக்குகளில் ஒன்று முடிந்துவிட்டால் மற்றதற்குச் சம்மதம் தரமாட்டோம் என்று ஒரு கொள்கை அறிவிப்பு செய்வதற்குச் சட்டசபையில் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

வழக்குகளை வாபஸ் வாங்கும் விஷயத்தில் கதை வேறு. 2021 ஜூன் 24ந் தேதி, மீத்தேன் திட்டத்தையும் மூன்று வேளாண் சட்டங்களையும் எதிர்த்துப் போராடியவர்கள்மீது போட்ட வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். டெல்டா மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் வாபஸுக்கான பிரிவு, பழையதில் 321, புதியதில் 360, ஒரு கொக்கி வைத்திருக்கிறது. மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயம் பற்றிய சட்டத்தை மீறிய குற்றமானால், மாநிலத்தின் அரசு வக்கீல் மத்திய சர்க்காரின் அனுமதியின்றி வாபஸ் மனுவே போடக் கூடாது. ரயில்வே மத்திய விஷயம். எனவே கோட்டையில் மணி அடித்தாலும் தண்டவாள வழக்கு அசையாது. டில்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த விவசாயிகள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 2021 டிசம்பர் 9ந் தேதி மத்திய சர்க்கார் அவர்களுக்குக் கொடுத்த கடிதத்தில், மாநிலங்கள் போட்ட வழக்குகளும் மத்திய ஏஜென்சிகள் போட்ட வழக்குகளும் தனித்தனியே எழுதப்பட்டதற்குக் காரணம் அதுவே. வடக்கே கேட்டு வாங்கினார்கள். தெற்கே நாம் "வழக்குகளை வாபஸ் வாங்கு" என்று மொத்தமாகக் கோஷம் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தண்டவாளத்தை விட்டு ஆற்றில் இறங்கினால் அங்கேயும் இதே விளையாட்டு. கொள்ளிடத்திலும் காவிரியிலும் மாட்டுவண்டியில் மணல் அள்ளி அகப்பட்டவர்மீது 1957ம் வருஷத்துச் சுரங்கம் கனிமச் சட்டம் ஒரு பக்கம். அது பார்லிமெண்டின் சட்டம். திருட்டு வழக்கு மறுபக்கம். இரண்டும் வேறு வேறு குற்றம் என்று 2014 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020 டிசம்பரில், கனிமச் சட்டப்படி சமரசத் தொகை கட்டி முடித்துக்கொண்டவர்மீதும் திருட்டு வழக்கு நடக்கலாம் என்றது. வண்டி போவதும் மாடு போவதும் தண்டனைக் கணக்கில் வருமா என்றால் அதுவும் சந்தேகம்தான். சுங்க அதிகாரி தங்கத்தைப் பறித்துக்கொண்டது கோர்ட்டு கொடுத்த தண்டனையாகாது என்று 1953லேயே தீர்ப்பாகியிருக்கிறது. போதாக்குறைக்கு, மணல் குற்றவாளி என்று பெயர் சூட்டிக் குண்டர் சட்டத்தில் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். அது தண்டனையல்ல, தடுப்பு என்பார்கள். உள்ளே இருப்பவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

லாரிக்காரர்களின் கதையைப் பாருங்கள். 2023ல் அமலாக்கத்துறை மணல் ஒப்பந்ததாரர்களைத் தேடி வந்தது. தஞ்சாவூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டக் கலெக்டர்களுக்கு நவம்பரில் சம்மன் போயிற்று. மாநிலத்துக்கும் மத்தியத்துக்கும் பெரிய வழக்கே நடந்தது. கலெக்டர்கள் ஆஜராக வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூலையில் ஒப்பந்ததாரர்கள்மீது அமலாக்கத்துறை எடுத்த நடவடிக்கைகளைச் சென்னை ஹைகோர்ட்டு ரத்துச் செய்தது. அவர்களுக்குச் சட்டம் கிடைத்தது என்பதில் நமக்குப் பொறாமையில்லை. கிடைக்கட்டும். ஆனால் அதற்கு எத்தனை வக்கீல் வேண்டியிருந்தது! மாட்டுவண்டிக்காரர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கடன் வாங்கி அபராதம் கட்டி, வண்டியைக் கேட்டு நடையாய் நடக்கிறார்.

தண்டவாள வழக்கிலும் ஒப்புக்கொள்வதுதான் நடக்கிறது. "அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுவோம், கூலி கெடுகிறது" என்கிறார்கள். கூலி கெடுவது உண்மை. அதைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. மகன் சர்க்கார் வேலைக்கு மனுப் போடும் வயதில் தானும் மறியலுக்கு வந்திருந்தால், அந்தப் பையனை ஒப்புக்கொள்ள விடுமுன் வக்கீலைக் கேட்க வேண்டும். வெறுமனே கூடியதற்கும் தடையுத்தரவை மீறியதற்கும் போலீசார் போட்ட வழக்கானால், அது செல்லுமா என்பதே கேள்வி. அம்மாதிரி வழக்குகளை ரத்துச் செய்து சென்னை ஹைகோர்ட்டு 2018 செப்டம்பரில் விரிவான தீர்ப்பு கொடுத்திருக்கிறது. முதலில் அதைப் பார்க்காமல் தலையாட்டிவிடக் கூடாது.

ஆகவே மாவட்டக் குழுக்கள் உடனே செய்யவேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு, இடது பத்தியில் மாநிலப் போலீஸ் வழக்கும், வலது பத்தியில் ரயில்வே வழக்கும் எழுதட்டும்: தேதி, இடம், கோர்ட்டு, எண், நிலைமை. எவருடைய பெயர் இரண்டு பத்தியிலும் வருகிறதோ அவர் பெயரைத் தனியே எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். இரண்டும் நிலுவையிலிருந்தால், ஒரே கோர்ட்டில் சேர்த்து விசாரிக்கக் கேட்கட்டும். ஒன்று முடிந்திருந்தால், மற்றதில் முதல் வாய்தாவிலேயே 337வது பிரிவின் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கட்டும்; கோட்டைக்கும் ஒரு மனு, சம்மதம் தராதே என்று. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பார்லிமெண்டு மெம்பர்களிடம் வலது பத்தியின் நகலைக் கொடுத்து, ரயில்வே மந்திரியிடம் அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

முடிந்த வழக்கின் தீர்ப்பு நகலை வாங்கி வைக்காத தோழர்கள் நம்மில் ஏராளம். அபராத ரசீதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள். ரசீதில் தொகை இருக்கும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தச் சம்பவத்துக்காக என்ற விவரம் தீர்ப்பில்தான் இருக்கும். இரண்டாவது கோர்ட்டில் கேட்பது அதைத்தான். நகல் மனுவை இந்த மாதமே போட்டுவிடுங்கள்.